கோடையில் ஊறிய குளம்

அத்தியாயம் ஏழு

அக்கினி நட்சத்திர வெயிலில் மதுரையே குடத்தை வைத்துக்கொண்டு குழாயடியில் காத்துக் கிடந்தபோது, செண்பக நகர் பூங்கா மனையில் மட்டும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தளும்பி நின்றது. அதன் நடுவில், பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, அங்கே மீன் தேடி நின்ற கொக்குக்குப் போட்டியாக இன்னொரு கொக்கு போல நின்றான் மொக்கையன்.

"அக்கா, குத்தாலம் போகணும்னு லீவு கேட்டேன்ல, வேண்டாம். இங்கேயே துண்டு விரிச்சிர்றேன்."

கரையில் நின்ற அன்னக்கொடி சிரிக்கவில்லை. தமிழ்நாட்டில் முதன்முதலாகப் பெண்களைப் போலீசில் எடுத்தபோது சேர்ந்து, பத்து வருஷம் லத்தி பிடித்துவிட்டு, போன வருஷம்தான் வேலையை விட்டு டவுன்ஹால் ரோட்டு மாடியில் துப்பறியும் நிலையம் திறந்திருந்தாள். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, பயணிகளிடம் அதிகம் பேசியதற்காக வேலை போன மொக்கையன் அவளுக்கு உதவியாளன். அங்கே வேலை போன அதே காரணத்துக்காகத்தான் இங்கே வேலை கிடைத்தது என்பது அவன் கட்சி.

"ஒரு மாசமா இப்படித்தான் மேடம்" என்றாள் சாவித்ரி. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். இந்தக் கேஸைக் கொண்டுவந்தவள். "ஆள் விட்டு ஒரு தடவை முழுசா இறைச்சோம். ரெண்டே நாள்ல பழையபடி ரொம்பிருச்சு. மழையும் இல்லை, வாய்க்காலும் இல்லை. எங்க இருந்து வருதுன்னே தெரியலை."

விஷயம் இதுதான். கே.கே. நகரைத் தாண்டி வயலாகக் கிடந்த நிலத்தை மனை பிரித்து விற்றபோது, பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக விட வேண்டும் என்ற சட்டப்படி இந்த மூலை ஒதுக்கப்பட்டது. வரைபடத்தில் பச்சை மை பூசியதோடு சரி. நாலைந்து வருஷமாகக் கருவேல முள்ளும் கழுதையும்தான் அங்கே குடியிருந்தன. பிள்ளைகள் ரோட்டில் விளையாடின. போன வருஷம் ஒரு லாரி பின்னால் வந்ததில் ஒரு சிறுமிக்குக் கால் முறிந்தது. அன்றைக்கு அலையத் தொடங்கியவள்தான் சாவித்ரி. ஆபீஸ் ஆபீஸாக ஏறி, பூங்காவுக்கு வரைபடம் போட வைத்து, ஆட்சேபணை கேட்டு நோட்டீஸ் ஒட்ட வைத்து, ஒருவரும் ஆட்சேபிக்காமல் மாதமும் முடிந்து, கடைசியாக நகரமைப்பு ஆய்வாளர் இடத்தை நேரில் பார்த்து 'தகுதியான இடம்' என்று எழுத வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அவர் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் இடம் குளமாக நின்றது.

"நாளைக்குக் காலையில மூணாவது தடவை வாரார். அப்பவும் தண்ணி நின்னா, நீர் பிடிக்கிற இடம்னு எழுதிருவார். அப்புறம் பூங்கா வேற ஏரியாவுக்குப் போயிரும். அந்தப் பசுபதி இந்த இடத்தையும் மனை போட்டு வித்துருவார்" என்றாள் சாவித்ரி.

"பசுபதி?"

"மனை பிரிச்சு வித்த ஆளு. இது அவர் வேலைதான். காலனியே சொல்லுது."

"பொதுநலத்துக்குன்னு ஒரு காரியம் ஆரம்பிச்சா இப்படித்தான் மேடம்" என்று இன்னொரு குரல் கேட்டது. குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றவர் சங்கத் தலைவர் அனந்தநாராயணன். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். மனைக்கு நேர் எதிரே, மாடி வைத்த வீடு அவருடையது. "பொதுநலத்தை நினைச்சு என் கைக்காசுல ரெண்டு டிராக்டர் வண்டல்கூட வாங்கிப் போட்டேன், செடி வளரட்டும்னு. எல்லாம் தண்ணிக்குள்ள போயிடுத்து."

அன்னக்கொடி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினாள். கரையோரம் ஒரு கை மண்ணை அள்ளினாள். சிவப்பாக, சரளைக் கல்லோடு பொலபொலவென்று உதிர்ந்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு கை அள்ளினாள்; கறுப்பாக, வெண்ணெய் போல வழுக்கியது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு மிதந்துகொண்டிருந்த அல்லி இலை ஒன்றின் தண்டைப் பிடித்து அடி வரைக்கும் தடவிக்கொண்டே போய், எதையோ தூக்கினாள். கனமான, கறுத்த, வட்டமான கல் பாத்திரம். ஒரு பக்கம் கீறல். அதற்குள்தான் அல்லி வேர் விட்டிருந்தது.

"என்னக்கா இது, உரலுக்குத் தம்பியா?"

"கல்சட்டி. புளிக்குழம்பு வைக்கிறது."

"அப்ப குளம் தானா ஊறலை. யாரோ சட்டியோட சமைச்சிருக்காக."

அன்னக்கொடி சட்டியை இருந்த இடத்திலேயே பதமாக வைத்துவிட்டுக் கரையேறினாள். "வண்டியை எடு மொக்கை. முதல்ல பசுபதி."

பசுபதியின் ஆபீஸ் கே.கே. நகர் மெயின் ரோட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இருந்தது. வாசலில் பெயிண்டர் ஒருவன் ஏணியில் நின்று பெரிய தகரப் பலகைக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான். உள்ளே விரல் நிறைய மோதிரத்தோடு உட்கார்ந்திருந்த பசுபதி, துப்பறிய வந்திருக்கிறார்கள் என்று கேட்டதும் கலர் சோடா வரவழைத்தார்.

"என் மேலதான சந்தேகம்? டீச்சரம்மா என்னைப் பாத்தா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போகும்போதே தெரியும். நான் சொல்லி என்ன நம்பவா போறீக? அந்தப் பலகையைப் பாருங்க, அது சொல்லும்."

மொக்கையன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் படித்தான். 'செண்பக நகர் – இரண்டாம் பகுதி. பூங்காவுக்கு எதிரில் மனைகள்.'

"பூங்கா வந்தாத்தான் தங்கச்சி என் மனைக்கு மவுசு" என்றார் பசுபதி. "அந்த ஒரு மூலையை வித்து நான் என்ன கோட்டையா கட்டப்போறேன்? அது பூங்காவா இருந்தா, சுத்தி இருக்க அம்புட்டு மனையும் ரெண்டு மடங்கு போகும். தண்ணி விட்டவனை நீங்க பிடிச்சீகன்னா, எங்கிட்டக் கொண்டாங்க. நானும் ரெண்டு வார்த்தை பேசணும்."

படி இறங்கும்போது மொக்கையன் முனகினான். "என்னக்கா, வில்லன்னு நம்பி வந்தா சோடா குடுத்து அனுப்பிட்டான். இனி யாரைப் பிடிக்க?"

"மண்ணைப் பிடிப்போம். அந்தச் சரளையில ஒரு குடம் தண்ணி ஊத்துனா ஒரு நிமிசம் நிக்காது. அடியில வண்டல் இருக்கதாலதான் நிக்குது."

"தலைவர் கொட்டுனாருல்ல, செடிக்கு?"

"கொட்டுன வண்டல் குவியலா கெடக்கும். இது கல்யாண வீட்டுல ஜமுக்காளம் விரிச்ச மாதிரி ஒரே சீரா விரிஞ்சு கெடக்கு. கொட்டுன ஆளைப் பாக்கணும். வண்டல் அடிக்கிற டிராக்டரெல்லாம் பரவை மார்க்கெட்டுலதான் நிக்கும், அங்க விடு."

இரண்டு பேரைச் சுமந்த லூனா மொபெட் தல்லாகுளத்தில் இருமி, செல்லூரில் புகைந்து, விளாங்குடியில் ஒரு தடவை நின்றேவிட்டது. மொக்கையன் இறங்கி மிதித்து உயிர் கொடுத்தான். "சர்க்கஸ்லகூட ரெண்டு பேரு ஏறுனா மூணாவது ஆளு தள்ளுவான்க்கா" என்று அவன் சொன்னதை, முந்தானையைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்த அன்னக்கொடி காதில் வாங்கவில்லை. அவள் மனம் அந்தக் கல்சட்டியிலேயே கிடந்தது என்பதை, அவள் ஆள்காட்டி விரல் காற்றில் வட்டம் போட்டுக்கொண்டே வந்ததிலிருந்து தெரிந்துகொண்டான்.

பரவை மார்க்கெட் வாசலில், தக்காளிக் கூடைகளை இறக்கிவிட்டு டிராக்டர் நிழலில் படுத்திருந்த டிரைவர் காளையைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. கண்மாய் வண்டல் அடிக்கிற டிராக்டர் என்று கேட்டதுமே எல்லாரும் அவனைத்தான் கை காட்டினார்கள்.

"செண்பக நகரா? ஆமா, நாந்தேன் அடிச்சேன்" என்று எழுந்து உட்கார்ந்தான் காளை. "குடை பிடிச்ச அய்யா ஒருத்தர் வந்து சொன்னாரு. வார்த்தைக்கு வார்த்தை பொதுநலம், பொதுநலம்னாரு. நானும் யாரோ மாரியம்மா கோயில் பேருன்னு நினைச்சுக்கிட்டேன்."

மொக்கையனுக்குச் சிரிப்பு பீறிட்டது.

"குவிச்சா போட்டீக?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

"அதான் அதிசயம்! குவிச்சுத்தேன் போட்டேன். மறுநாளு ரெண்டாவது லோடு கொண்டு போனா, அந்த அய்யா வீட்டுல இருந்து சொல்லி விட்டாக. பள்ளமா இருக்க இடத்துல நிரவி விடணும், தண்ணி தெளிச்சு மாட்டை விட்டு நல்லா மிதிக்கணும்னு. செடி வைக்க மண்ணைக் கொத்தித்தான விடுவாக? மிதிச்சா எந்தச் செடி வேர் பிடிக்கும்? நாம எதுக்குக் கேக்கணும்னு, பக்கத்துல மேஞ்ச மாட்டை ஓட்டி மிதிக்க விட்டுட்டு வந்தேன். ஒன்னு சொல்லணும்க்கா. அந்த வீட்டுக் காப்பி மாதிரி நான் எங்கேயும் குடிச்சதில்லை."

லூனாவைத் திருப்பும்போதே மொக்கையன் முடிவுக்கு வந்துவிட்டான். "அக்கா, கேஸ் முடிஞ்சுபோச்சு. பொதுநலம்தான் கள்ளன்! குளத்தையும் வெட்டிட்டு, கரையில குடை பிடிச்சு அழுதுருக்காரு. போலீசைக் கூப்பிடுவமா, இல்லை நானே ரெண்டு வார்த்தை கேக்கவா?"

"காப்பி குடிப்போம்" என்றாள் அன்னக்கொடி.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சாவித்ரி ஏற்கெனவே அனந்தநாராயணன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். நாளைய ஆய்வைப் பற்றித்தான் பேச்சு. வெயில் தாழ்ந்து, ஜன்னலுக்கு வெளியே அந்தக் குளம் தாமிரத் தட்டாக மின்னிக்கொண்டிருந்தது. கொக்குகள் வந்து இறங்கின. எந்த ஊரிலிருந்தோ இரண்டு நீர்க்கோழிகள்கூட வந்திருந்தன.

மொக்கையனால் பொறுக்க முடியவில்லை. "சார், வண்டலை மிதிக்கச் சொன்னா எப்படி சார் செடி வளரும்?"

"மிதிக்கறதாவது?" என்று விழித்தார் அனந்தநாராயணன். "யார் மிதிச்சா?"

"பரவைக் காளை எல்லாத்தையும் சொல்லிட்டான் சார். மாட்டை விட்டு மிதிக்கச் சொல்லி உங்க வீட்டுல இருந்துதான் சொல்லி விட்டாகளாம்."

சாவித்ரி விருட்டென்று எழுந்தாள். "சார்! நீங்களா?"

அந்த மனிதர் முகம் சுண்டிப்போனது.  பக்கத்தில் இருந்த குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், யாரோ அதையும் பறித்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்பது போல. "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டாவது லோடு வந்த அன்னிக்கு நான் சங்கக் கூட்டத்துல இருந்தேன். நீயும்தானே இருந்தே சாவித்ரி?"

மொக்கையன் அக்காவைப் பார்த்தான். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. சமையலறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு உண்மையைத்தான் சொல்றாரு" என்றாள் நிதானமாக. "கல்யாணத்துக்குச் சீரா வந்த கல்சட்டி கீறல் விட்டாலும் யாரும் தூக்கிப் போட மாட்டாக. ஆம்பளை அதைத் தூக்கிக்கிட்டு வாசலைத் தாண்டிட்டு, திரும்ப அதே வாசல்ல நுழையவும் முடியாது. அதை எடுத்து அல்லி வைக்கிற உரிமை அந்த வீட்டுல ஒரே ஒரு ஆளுக்குத்தான் உண்டு. மாமி, வெளியில வாங்க."

நாலு டம்ளர் காப்பியோடு வந்தாள் ஜகதாம்பாள்.  ஒவ்வொருவர் முன்னாலும் டம்ளரை வைத்துவிட்டு, கடைசியாகக் கணவரைப் பார்த்தாள்.

"நான்தான். காத்தால நீங்க கோவிலுக்கு நடக்கப் போனதும் கிணத்து மோட்டாரைப் போட்டு, குழாயை முள்ளுக்குள்ளே விட்டுடுவேன்."

"ஜகதா! எதுக்கு?"

"எதுக்கா? பூங்கா வரைபடத்துல பொதுக் கக்கூஸை எங்கே போட்டிருக்கான்னு பார்த்தேளா? நம்மாத்து வாசலுக்கு நேரே! கதவைத் திறந்தா அதுலதான் முழிக்கணும். சொன்னேனே. பொதுநலம்னு வந்துட்டா வீட்டு நலத்தைப் பார்க்கப்படாதுன்னு சொல்லிட்டு, காலனி முழுக்கச் சம்மதம்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேள். என்னை யார் கேட்டா?"

 மொக்கையன் காப்பியைக் குடித்தான். காளை சொன்னது பொய்யில்லை.

சாவித்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு வருஷம் அலைஞ்சிருக்கேன் மாமி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"முதல்ல தடுக்கணும்னுதான் பண்ணினேன்மா. ஒரு வாரத்துல கொக்கு வந்தது. அப்புறம் அந்த நீர்க்கோழி வந்தது. காத்தால ஜன்னலைத் திறந்தா எனக்குன்னு யாரோ வந்து காத்திண்டிருக்கற மாதிரி இருந்தது. நிறுத்த மனசு வரலை." ஜன்னலிலிருந்து திரும்பிச் சாவித்ரியைப் பார்த்தாள். "ரோட்டுல விளையாடற குழந்தைகளை நான் நினைக்கலை. அது தப்புதான்."

அன்னக்கொடி டம்ளரைக் கீழே வைத்தாள். "நாளைக்கு ஆய்வாளர் வரும்போது தண்ணி அப்படியே இருக்கட்டும். எனக்கு ஒரு கடப்பாரை மட்டும் வேணும்."

மறுநாள் காலையில் நகரமைப்பு ஆய்வாளர் ஜீப்பிலிருந்து இறங்கியதும், தண்ணீரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மெலிந்த மனிதர்; சட்டைப் பையில் வரிசையாகப் பென்சில்கள். "டீச்சர், நான் என்ன பண்ண? மூணு தடவையும் குளமா இருந்தா குளம்னுதானே எழுதணும்?"

"ஒரு நிமிசம் சார்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கினாள் அன்னக்கொடி. பள்ளத்தின் நடுவில் கடப்பாரையை ஓங்கிக் குத்தினாள். இன்னொரு குத்து. கறுப்பு வண்டலைத் துளைத்துக்கொண்டு சரளையில் முனை மோதிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது. கடப்பாரையை உருவினாள். தண்ணீர் அந்த ஓட்டையைச் சுற்றி மெல்லச் சுழன்றது. பிறகு, சோடா பாட்டிலைக் கவிழ்த்தது போல களக் களக் என்று இறங்கத் தொடங்கியது. நாலு இடத்தில் குத்திவிட்டுக் கரையேறினாள். ஆய்வாளர் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் நடுத்தரை தெரிந்தது. கொக்குகள் ஏமாந்துபோய் எழுந்து பறந்தன.

"ஊறுற குளமா இருந்தா இப்படி ஓடுமா சார்?" என்றான் மொக்கையன். "இது ஓட்டை விழுந்த அண்டா."

ஆய்வாளர் வாயைப் பிளந்தார். "சரி, இந்த அண்டாவை வச்சது யாரு?"

அன்னக்கொடி குனிந்து கடப்பாரையில் ஒட்டிய சேற்றை வழித்தாள்.  எதிர்வீட்டு கேட் கிறீச்சிட்டது. ஜகதாம்பாள் தெருவைக் கடந்து, ஆய்வாளரின் முன்னால் வந்து நின்றாள். பின்னாலேயே குடையோடு அனந்தநாராயணன்.

"நான்தான் வச்சேன். கக்கூஸை வேற இடத்துக்கு மாத்தணும்."

"ஆட்சேபணை சொல்ல ஒரு மாசம் டைம் கொடுத்தோமே மாமி!"

"யாருக்குக் கொடுத்தேள்?"

"நோட்டீஸ் ஒட்டினோம். சங்கத் தலைவருக்கும் ஒரு பிரதி கொடுத்தோம்."

ஜகதாம்பாள் தலைவரைத் திரும்பிப் பார்த்தாள். தலைவர் குடையின் கைப்பிடியில் ஏதோ பழுதைத் தேடினார். ஜீப் டிரைவர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

ஆய்வாளரும் சிரித்துவிட்டார். ஜீப்பின் பானெட் மேல் வரைபடத்தை விரித்து ஒரு பென்சிலை உருவினார். "இதுக்குப் போய் இம்புட்டுத் தண்ணியை வீணாக்கலாமா மாமி? எனக்கு ரெண்டு கோடு போடுற வேலை. எங்கே வைக்கணும்?"

"பஸ் ஸ்டாப் மூலையில வைங்க சார்" என்று முந்திக்கொண்டாள் சாவித்ரி. "அங்கே காய் விக்கிற பொம்பளைகளுக்கு ஒதுங்க இடமே கிடையாது. அவங்களுக்கும் உதவும்."

பென்சில் நகர்ந்தது. கழிப்பிடம் மூலைக்குப் போனது. அதன் இடத்தில் ஊஞ்சல் வந்தது. ஜகதாம்பாள் குனிந்து, விரலால் ஒரு இடத்தைத் தொட்டாள். "இங்கே சின்னதா ஒரு அல்லிக்குளம்."

"அது புதுசு மாமி. அதுக்கு மறுபடி ஒரு மாசம் ஆட்சேபணை கேக்கணும்."

"கேளுங்கோ. இந்தத் தடவை நோட்டீஸை எங்கிட்டக் கொடுங்கோ. நானே வீடு வீடாப் போய்ப் படிச்சுக் காட்டறேன். ஆனா அதுக்காகக் குழந்தைகளைக் காக்க வைக்காதேள்."

"பூங்காவுக்கு இப்பவே எழுதிடறேன். குளம் பின்னாடி வரட்டும்" என்று, பேனாவை எடுத்து, பானெட்டின் மேலேயே 'தகுதியான இடம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் ஆய்வாளர். சாவித்ரி அந்த ஈர மையை ஊதி ஊதிக் காயவைத்தாள். பிறகு ஜகதாம்பாளிடம் திரும்பி, "நோட்டீஸ் கொடுக்கப் போகும்போது என்னையும் கூப்பிடுங்க மாமி, தனியாப் போகாதீங்க" என்றாள். ஜகதாம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜீப் கிளம்புவதற்குள்ளேயே செய்தி தெருவுக்குப் போய்விட்டது. பிள்ளைகள் மட்டையும் ரப்பர் பந்துமாகத் திமுதிமுவென்று உள்ளே பாய்ந்தன. மூன்று கருவேலங்குச்சிகள் சரளைத் தரையில் ஊன்றப்பட்டன; பந்து போடுபவருக்கு எதிரே ஒரு கோடும் கிழிக்கப்பட்டது. எப்படி வந்ததென்று தெரியாமலே மட்டை மொக்கையன் கைக்கு வந்தது.

"போடுங்கடா, பந்து டவுன்ஹால் ரோட்டுல போய் விழணும்!" என்று சேற்றுக் காலைத் தட்டிக்கொண்டு நின்றான்.

பந்தை வாங்கியது அன்னக்கொடி. இரண்டே எட்டு ஓடிவந்து வீசினாள். மொக்கையன் மட்டையைச் சுழற்றியபோது பந்து அவனைத் தாண்டிப் போயிருந்தது. நடுக் குச்சி எகிறி விழுந்தது. பிள்ளைகள் 'அவுட்!' என்று கத்திய கூச்சலில் கே.கே. நகர் வரை காக்கைகள் எழும்பின.

"நான் ரெடியாகவே இல்லைக்கா!" என்று பரிதாபமாகச் சுற்றிலும் பார்த்தான் மொக்கையன். அவனுக்காகப் பேச ஒருவரும் இல்லை.

எதிர்வீட்டு கேட்டில் நின்ற ஜகதாம்பாள் கையை உயர்த்தினாள்.

"ஆட்சேபணை!" என்றாள் தெருவே கேட்கும்படி. "கோட்டைத் தாண்டிக் கால் வச்சா. அது நோ பால்!"